பட்ஜெட் படிப்பவர்களே, தலைக்கு இவ்வளவு கடன் என்று வகுக்காதீர்கள்

மும்பை மாட்டுங்காவில் வங்கித் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்ஜெட்டைப் படிக்கும்போது அதே சில குழிகளில் வரிசையாக விழுவார்கள். லட்சம் கோடிக்கு எத்தனை சைபர் என்று தடுமாறுவதை நான் பொருட்படுத்துவதில்லை. அது தானாகச் சரியாகிவிடும்.

கடனைத் தலைக்கணக்கில் வகுப்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2025-26 பட்ஜெட் வந்த வாரம், தாராவியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி செல்பேசியில் கணக்குப் போட்டாள். 2026 மார்ச் இறுதியில் மத்திய அரசின் கடன் சுமார் 196 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்பது மதிப்பீடு. 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 1.4 லட்சம். "எங்கள் வீட்டில் ஐந்து பேர் சார். ஏழு லட்சம் பாக்கி!" என்றாள்.

வகுத்தது சரிதான். கொடுத்தவர் யார் என்று கேட்கவில்லையே! வெளிநாட்டுக் கடன் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதியைக் கொடுத்திருப்பவை நம் வங்கிகள், எல்ஐசி, வருங்கால வைப்பு நிதி போன்றவை. அவள் அப்பா எல்ஐசி பாலிசிக்குப் பிரீமியம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அரசுக் கடன்பத்திரங்களுக்குத்தான் போகிறது. கடன்பட்டதும் அந்த வீடுதான், கொடுத்ததும் அந்த வீடுதான்.

பார்க்க வேண்டியது வட்டி என்ற வரியை. அதே பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி. வட்டிக்கு மட்டும் சுமார் 12.76 லட்சம் கோடி. சுகாதார அமைச்சகத்துக்கோ ஒரு லட்சம் கோடியை ஒட்டித்தான். வட்டிக்குத் தவணை சொல்ல முடியாது, மருத்துவமனைக் கட்டடத்துக்குச் சொல்லலாம். வருவாய் குறைந்தால் கத்தரி விழுவது அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. வட்டி போய்ச் சேருவது சேமிப்பு உள்ளவர்களுக்கு. சோப்பு வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டுவது எல்லோரும். பாலிசியோ பிஎஃப்போ இல்லாத இட்லிக்கார அம்மாள் கட்டுகிறார், அவருக்கு அந்த வட்டியில் சல்லிக்காசு திரும்பி வராது. தலைக்கணக்கில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பற்றாக்குறையையும் கடனையும் குழப்புவது

முதலாவது இந்த ஆண்டு விழும் துண்டு. இரண்டாவது இதுவரை சேர்ந்தது.

கடன் என்றாலே கெட்டது என்பது

தாராவிக்கு அடியில் ஓடும் மெட்ரோ 3, ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைகா கொடுத்த கடனையும் கொண்டு கட்டியது.

தெருச் சாக்கடை அடைத்தால் டெல்லியின் கடனைத் திட்டுவது

அது மாநகராட்சியின் வேலை. மும்பை மாநகராட்சி வங்கிகளில் போட்டிருக்கும் வைப்புத்தொகையே பல பத்தாயிரம் கோடி.