கிராஸ்கட்டருக்குக் கிழங்கு போடும்போது செய்யக்கூடாதவை

கானா, பெனின், நைஜீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இறைச்சிக்காகக் கூண்டில் வளர்க்கப்படும் பிராணி கிராஸ்கட்டர். பார்க்கப் பெரிய எலி போலிருந்தாலும் உறவில் முள்ளம்பன்றிக்குத்தான் நெருக்கம். யானைப்புல், கினியா புல், கரும்பு என்று தண்டுகளைக் கடித்தே வாழ்ந்த வயிறு அதனுடையது.

டிசம்பரில் வறண்ட ஹர்மட்டான் காற்று வீசத் தொடங்கியதும் பச்சைப்புல் அரிதாகிவிடும். மரவள்ளியோ தோட்டத்திலேயே கிடைக்கும். புல்லுக்குப் பதிலாகக் கிழங்கையே போட்டு நாட்களைக் கடத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கிராஸ்கட்டருக்கு நார் செரிப்பது பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குடற்பையில், நுண்ணுயிர்களின் உதவியால். அங்கே மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போய்ச் சேர்ந்தால் புளிப்பேறி வயிறு உப்பும், கழியும். குட்டிகள் இதைத் தாங்குவதில்லை. முன்பற்களும் ஆயுள் முழுக்க வளர்பவை. தடித்த தண்டைக் கடிக்காவிட்டால் அவை நீண்டு வளைந்து, தீனி முன்னாலிருந்தும் தின்ன முடியாமல் போகும். அதனால் புல்லை முதலில் போடுங்கள். கிழங்கு அதன்மேல் ஒரு கைப்பிடிதான்.

சினைப் பெட்டைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு என்பதால் அதை மட்டும் தின்னும் தாய்க்குக் கொழுப்பு ஏறும், வயிற்றுக் குட்டிக்குச் சத்து போதாது. நிலக்கடலைக் கொடி கிடைத்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நஞ்சு. மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இலையிலும் தோலிலும் அது அதிகம். மரவள்ளி இலையை மேய்ந்து ஆடு சாவதைச் சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராஸ்கட்டருக்கும் கசப்பு ரகத்தைப் பச்சையாகப் போடக்கூடாது. தோல் சீவி, மெல்லிய துண்டாக்கி, நன்றாக வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும். பூஞ்சையைத் தட்டிவிட்டுப் போடுவோரும் உண்டு. நிறம் போனாலும் நஞ்சு உள்ளேயே நிற்கும். கருமை படர்ந்து அழுகிய சர்க்கரைவள்ளி மாடுகளின் நுரையீரலையே கெடுத்திருக்கிறது, வேகவைத்தாலும் தீராது. கெட்ட பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட ஆசைப்படாதீர்கள், முழுக் கிழங்கையும் எறியுங்கள். சேம்பு வகைக் கிழங்கைப் பச்சையாகக் கொடுத்தால் வாய் அரித்துத் தீனியையே ஒதுக்கும், வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

தீனியைத் திடீரென மாற்றுவதும் கழிச்சலை வரவழைக்கும். புதுக் கிழங்கைச் சிறு துண்டில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும் என்பதால் அன்றன்றைக்குத் தேவையானதைப் பிடுங்கினால் போதும். தின்னாமல் விட்ட துண்டுகளைக் காலையில் கூண்டிலிருந்து அள்ளிவிடுங்கள். காய்ந்த துண்டு கொடுக்கும் நாட்களில் தண்ணீர்ச் சட்டி காலியாகவே கூடாது.