எல்.டி. என்றால் லெப்டினன்ட் இல்லை: பழைய வாத்தியார்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துப் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது ஆனால் மலர் போடுவார்கள். மெய்ப்பு பார்க்கச் சில சமயம் என்னிடம் வரும். அப்படி வந்த ஒன்றில், பழைய தலைமையாசிரியர் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'லெப்டினன்ட்' என்று இருந்தது. பட்டாளத்தில் இருந்தாரா என்று கேட்டேன். இல்லையாம். பெயர்ப் பலகையில் 'எல்.டி.' என்று இருந்ததை யாரோ விரித்து எழுதிவிட்டார்கள். எல்.டி. (லைசென்ஷியேட் இன் டீச்சிங்) என்பது பட்டதாரிகள் வாங்கிய ஆசிரியப் பயிற்சிப் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. பிறகு அது பி.டி. ஆகி, பி.எட். ஆனது. இன்றும் 'பி.டி. அசிஸ்டெண்ட்' என்கிறோமே, அதெல்லாம் அந்த வம்சம்தான்.

இது சிரித்துவிட்டுத் திருத்திவிடக்கூடிய பிழை. திருத்த முடியாதபடி ஊறிப்போனது வேறு ஒன்று. இங்கிலீஷ் படித்தவர், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், ட்ரெயினிங் முடித்தவர், மூவரும் ஒரே ஆள் என்று நினைத்து எழுதுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் படிப்பு வேறு, ட்ரெயினிங் வேறு. பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சேலம் விஜயராகவாச்சாரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் பட்டம் வாங்கியவர், சேலம் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் நடத்தினார். எல்.டி. பட்டமே அப்போது பிறக்கவில்லை. சொந்தமாகச் சட்டம் படித்து 1881இல் வக்கீலாகிவிட்டார். நன்றாக இங்கிலீஷ் தெரிந்த பலருக்கு வாத்தியார் வேலை ஒரு திண்ணை மாதிரி, சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போவதற்கு.

அடுத்து, எல்லாவற்றையும் 1835இல் இங்கிலீஷ் படிப்புக்காக வாதாடிய மெக்காலே தலையில் கட்டுவது. சென்னை மாகாணத்தில் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியின் கீழ் வேலை பழகிய தாமஸ் மன்றோ கவர்னரானதும், 1822இல் எல்லா ஜில்லாக்களிலும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். சேலம் கலெக்டர் காக்பர்ன் (ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தாரே, அவர்தான்) 1823இல் 333 பள்ளிகள் என்று எழுதி அனுப்பினார். கிட்டத்தட்ட 10 லட்சத்து 76 ஆயிரம் ஜனத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 4,650 பேர். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'அப்போதே 333 இங்கிலீஷ் பள்ளிகள்' என்று எழுதிய கட்டுரையை நான் படித்திருக்கிறேன். அவை சட்டாம்பிள்ளை வைத்து, மணலில் எழுத்துப் பழக்கிய திண்ணைப் பள்ளிகள்.

1826இல் மன்றோ போட்ட திட்டத்தில்தான் வாத்தியார்களைத் தயார் செய்யச் சென்னையில் ஒரு மையப் பள்ளியும், தாலுகா தோறும் தாசில்தாரிப் பள்ளியும் வருகின்றன. தாலுகா வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய். அந்தக் காசுக்குத் தேறின ஆள் வரவில்லை. 1836இல் தாசில்தாரிப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஆக, உங்கள் ஊரில் 1830இல் ஒரு 'கவர்ன்மெண்ட் ஸ்கூல்' இருந்தது என்பதை வைத்து இன்றைய பள்ளிக்கு இருநூறு வயது என்று கேக் வெட்டிவிடாதீர்கள். சென்னையில் அரசு நார்மல் ஸ்கூல், அதாவது ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, வந்ததே 1856இல். இங்கே சேலத்தில் ஜில்லா ஸ்கூல் 1857இல் தொடங்கி, 1879இல் கல்லூரியானது.

சான்றிதழைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. அம்மாபேட்டையில் ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் சான்றிதழைக் காட்டினார்கள். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் சேரும் நடு இடத்தில் பட்டாணி அளவு ஓட்டை. 'செகண்டரி கிரேடு' என்று இருந்ததை 'இரண்டாம் தரம்' என்று எண்ணி, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை வருஷம் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். "அப்பாரு சுமாராத்தான் பாஸ் பண்ணாருங்க" என்றார் பேரன். அது எலிமெண்டரி கிரேடுக்கு மேலே இருந்த தரம் என்று நான் சொன்னதும், பெட்டியை மூடப்போன அந்த வீட்டு அம்மா சான்றிதழை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

இந்தச் சான்றிதழில் எழுத்துத் தேர்வு ஒரு பாதிதான். இன்ஸ்பெக்டர் முன்னால் நிஜப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திக் காட்டுவது மறு பாதி. முதல் பாதியில் தேறியதைப் பார்த்துவிட்டு 'ட்ரெயினிங் முடித்தார்' என்று ஆண்டு போடாதீர்கள்.

இதெல்லாம் கௌரவத்துக்கு மட்டும் என்று எண்ணுவதும் பிழை. பணம் இதில் இருந்தது. இந்தியாவில் கல்வி எப்படி நடக்க வேண்டும் என்று லண்டனிலிருந்து வந்த 1854 உட்ஸ் அறிக்கைக்குப் பிறகு, தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும்போது ஆசிரியரின் சான்றிதழைப் பார்த்தார்கள். இன்னொரு வகை மானியம் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பொறுத்தது. எத்தனை பேர் வாசித்தார்கள், எழுதினார்கள், கணக்குப் போட்டார்கள் என்று இன்ஸ்பெக்டர் எண்ணுவார், அதற்கேற்பக் காசு. பரீட்சை எழுதுவது பிள்ளை, பாஸோ பெயிலோ வாத்தியாருக்கு. அர்த்தம் தெரியாமலே ரீடரை (வாசிப்புப் பாடப் புத்தகத்தை)த் தலைகீழாக ஒப்பிக்க வைத்தார்கள் என்று அவர்களைக் குறை சொல்வதற்கு முன் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஏற்காட்டுப் பள்ளிகளை இதற்குள் இழுக்க வேண்டாம். 1894இன் சேக்ரட் ஹார்ட், 1917இன் மான்ட்ஃபோர்ட் எல்லாம் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியவை. அந்த வகைப் பள்ளிகளுக்கு விதியும் தனி. வீட்டில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைக்கும், செவ்வாய்ப்பேட்டைக் கடையிலிருந்து வரும் பிள்ளைக்கும் பாடம் நடத்துவது ஒரே வேலை இல்லை.

ஜில்லா எல்லையையும் பாருங்கள். அன்றைய சேலத்துக்குள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் அடக்கம். 1910இல் நாமக்கல் திருச்சிக்குப் போய்ப் பிறகு திரும்பி வந்தது. 1911இல் திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்குப் போனது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாமக்கல் வாத்தியார் ஒருவரைச் சேலம் கட்டுகளில் இரண்டு நாள் தேடிவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்று எழுதிவிட்டார் ஒரு நண்பர். திருச்சிக் கட்டில் மூன்றாவது பக்கத்திலேயே இருந்தார்.