பல நாட்டார் இருக்கும் குழுவில் தேசிய தினங்களைக் குறிப்பது எப்படி?

எங்கள் வாட்ஸ்அப் குழு இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் கூடலூர், கட்டார், மலேசியா, டொரொன்டோ என்று பரந்துவிட்டது. அங்கங்கே பழகிய வேற்று நாட்டு நண்பர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் யாராவது ஒருவருக்குத் தேசிய தினம் வருகிறது. இப்படியொரு குழுவைப் புதிதாக நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஆட்களைக் கேளுங்கள்

நாள்களை இணையத்தில் தேடுவதற்கு முன், "உங்கள் வீட்டில் எந்த நாள் பெரிது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் மலாயா விடுதலை பெற்ற ஓகஸ்ட் 31 ஒரு விழா. 1963இல் மலேசியா உருவான செப்டெம்பர் 16 இன்னொரு விழா. சபா, சரவாக் நண்பர்களுக்குப் பின்னதுதான் மனதுக்கு நெருக்கமானது.

2. நாட்காட்டியில் ஏற்றுங்கள்

கனடாவின் ஜூலை 1, கட்டாரின் டிசெம்பர் 18 போன்றவை ஆண்டுதோறும் மாறாதவை. ஒருமுறை பதிந்தால் போதும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை, பெருநாள் போன்றவை நிலவைப் பார்த்து வருபவை. அவற்றை ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாகப் பதியுங்கள். பெருநாளை மட்டும் பிறை தெரிந்த பிறகு உறுதிசெய்யுங்கள்.

3. அவர்களுடைய விடியலைக் கணக்கிடுங்கள்

கோலாலம்பூரில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நமக்கு முதல் நாள் இரவு 9.30. டொரொன்டோவில் ஜூலை 1 பிறக்கும்போது இங்கே காலை 9.30, கொழுந்து எடுக்க மலைக்கு ஏறி வெகு நேரமாகியிருக்கும். வாழ்த்து அவர்கள் எழும் நேரத்தில் போய்ச் சேரட்டும்.

4. எழுதுவதற்கு முன் அந்த நாளின் கதையைக் கேளுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது இதுதான். இலங்கையின் சுதந்திர தினமான ஒரு பெப்ரவரி 4ஆம் திகதி, காலையிலேயே கொடியும் வாழ்த்துமாக ஒரு படம் அனுப்பினேன். கூடலூர்ப் பெரியப்பா ஒரே வரி எழுதினார்: "எங்களை அனுப்பிவைத்த நாடு, நன்றாக இருக்கட்டும்."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நாடு 1948 பெப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. பெரியப்பா அந்தக் கணக்கில் ஒருவர். ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆஸ்திரேலியாவின் ஜனவரி 26உம் இப்படித்தான். அந்நாட்டுப் பூர்வகுடிகளில் பலருக்கு அது துக்க நாள். ஆகவே, வாழ்த்து அனுப்புவதற்கு முன் அந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். "இனிய" என்ற சொல் பொருந்தாத நாளில், "இன்று உங்களை நினைத்துக்கொள்கிறோம்" என்பது போதும்.

5. கொடியைவிட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்

அன்று சமைத்தது, தெருவின் அலங்காரம், பழைய படம் ஒன்று. கொடிக்குக் கிடைக்காத பேச்சு இவற்றுக்குக் கிடைக்கும். சென்ற பெப்ரவரி 4ஆம் திகதி நான் வாழ்த்து எதுவும் போடவில்லை. எங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, படம் எடுத்து அனுப்பினேன். "பின்னால் இருந்த பீலியில் இன்னும் தண்ணீர் வருகிறதா?" என்று பெரியப்பா கேட்டார். குடத்தை எடுத்துக்கொண்டு அந்த நீர்க்குழாயடிக்குப் போய், அது நிரம்பும் வரை வீடியோ எடுத்து அனுப்பினேன்.