உறைபனி நாளில் ஒரு சூடான கை: நாடித்துடிப்பை அமைதியாக்கும் எளிய செய்முறை

கோத்தகிரிப் பக்கம் மார்கழியில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவின் கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரி இருக்கும். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதுதான் காரணம். அவருக்காக நான் பழகியதை எழுதுகிறேன், நீங்களும் இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள்.

முதலில் நாடி. மேடு ஏறி வந்த உடனேயோ டீ குடித்த கையோடோ பார்க்காதீர்கள், ஒரு பத்து நிமிடம் உட்காரட்டும். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, உங்கள் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் உங்கள் நாடியே குழப்பும். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இருக்கலாம்.

அடுத்து உங்கள் கையைச் சூடாக்குங்கள். வெந்நீரில் நனைத்துத் துடைத்தால் போதும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டு வராதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. "தடவி விடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, முன்கையின் வெளிப்பக்கத்தில், முடி இருக்கும் தோலில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாகத் தடவுங்கள். மெதுவாக என்றால் விநாடிக்குச் சுமார் 3 செண்டிமீட்டர், அதாவது ஒரு தடவலுக்கே எட்டு விநாடி ஆகும். இந்த வேகத்துக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன, அவை உடல் சூட்டில் இருக்கும் கைக்குத்தான் நன்றாக வேலை செய்யும், வேகமாகத் தேய்த்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அவை எழுப்பும் இதமான உணர்வில் மனம் தளரும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. தைலம் தேய்க்கிற மாதிரி அழுத்த வேண்டாம். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான், அவசரப்படுகிறார்கள்.

இப்படி ஐந்து நிமிடம் தடவிய பிறகு நாடியை மறுபடி எண்ணுங்கள். எல்லோருக்கும் குறையாது, தொடுவது பிடிக்காதவருக்கு ஏறவும் செய்யும், அப்படியென்றால் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்களுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும். படபடப்போ நெஞ்சு வலியோ இருந்தால் தடவிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அம்மாவுக்கு முதல் நாள் 84 இருந்தது 77 ஆனது. மூன்றாம் நாள் நான் எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.