மன்னித்துவிட்டேன் என்று பதிவு போடுவதற்கு முன்

சபையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு எழுதும் வேலை பல வருடமாக என் தலையில்தான். புதிதாக எழுத வருகிற தம்பி தங்கைகள் நான் விழுந்த அதே குழியில், அதே உற்சாகத்தோடு விழுகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான படம், 'பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்' வகையறாவை நான் தொடப்போவதில்லை. அவை தவறென்று எல்லாருக்கும் தெரியும். நல்லது என்று நம்பியே செய்கிறவைதான் என் கவலை.

மன்னிப்பை ஊரறியச் சொல்வது

"என்னை நோகடித்த ஒருவரை இன்று முழுமனதாய் மன்னித்துவிட்டேன். கர்த்தருக்கே மகிமை." போன வாரம் ஒரு தங்கை போட்ட பதிவு. பார்த்ததும் எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை, ஏறக்குறைய இதே வார்த்தைகளை எழுதினவன் நான்.

பாடகர் குழு ஒத்திகையில் ஒருவர் எல்லார் முன்பும் என்னை மட்டம் தட்டினார். மூன்று நாள் பொருமினேன். பிறகு ஜெபித்தேன், மனம் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். பெயர் சொல்லாமல் ஒரு பதிவு போட்டேன். 'ஆமென்' வரிசை கட்டியது. (ஒவ்வொன்றையும் எண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.) மாலைக்குள் பேச்சு மாறிவிட்டது: "யாரந்த ஒருவர்?" ஊகத்தில் மாட்டியது சம்பந்தமே இல்லாத ஓர் அண்ணன். அவர் சில வாரம் ஒத்திகைப் பக்கமே வரவில்லை. உண்மையில் என்னைப் பேசினவரோ நேரில் கேட்டார்: "நான் உங்களிடம் மன்னிப்பே கேட்கவில்லையே, அதற்குள் எதற்கு என்னைக் குற்றவாளி ஆக்கினீர்கள்?" எனக்கு வாயடைத்துப் போயிற்று.

'மன்னித்தேன்' என்ற சொல்லுக்குள் 'அவன் தப்பு செய்தான்' என்பது ஒளிந்திருக்கிறது. அதுவும் மறுத்துப் பேச முடியாத குற்றச்சாட்டு. மறுக்க வாய் திறந்தால், அந்த ஆள் தான்தான் என்று அவரே காட்டிக்கொடுத்தது போலாகும்.

ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன மத்தேயு 18:22-ஐ எல்லாரும் படம் போட்டுப் பகிர்கிறோம். அதே அதிகாரத்தில் ஏழு வசனம் மேலே, "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று இருப்பதை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தும் முன் மற்ற எல்லாரையும் வெளியே போகச் சொன்னான் (ஆதியாகமம் 45:1). பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆனாலும் பிலேமோனின் அடிமை ஒநேசிமு செய்த தப்பை அவர் விவரிக்கவே இல்லை. ஏதாவது இருந்தால் "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று முடித்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து, அதே தேதியில், ஃபேஸ்புக் என் பதிவை 'நினைவுகள்' என்று மறுபடி எடுத்து நீட்டியது. "இனி நினையாமலிருப்பேன்" என்று கர்த்தர் சொன்னதை நாம் பிரசங்கிக்கிறோம். நான் மன்னித்த குற்றத்துக்கோ வருடாந்தரம் வந்துவிட்டது. அன்றுதான் அழித்தேன்.

ஆகவே முதலில் போனை எடுத்து அவரிடம் பேசுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். சாட்சி சொல்லியே ஆகவேண்டும் என்றால் அவருடைய சம்மதம் கேளுங்கள். அதைவிட, நீங்கள் தப்பு செய்து, இன்னொருவர் உங்களை மன்னித்த கதையை எழுதுங்கள். அதை எழுத உட்கார்ந்தால் கை தயங்கும், தயங்கட்டும்.

"புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்"

'இருந்தால்' என்பதை எடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்னது இன்னதென்று சொல்லி, அது தப்பு என்று எழுதுங்கள். குழுவில் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பதும் பாதிதான். எத்தனை பேர் முன் அவமானப்படுத்தினீர்களோ, அத்தனை பேர் முன் கேளுங்கள்.

அடிபட்டவளுக்கு 'மன்னித்துவிடு' என்று கமெண்ட்

வீட்டில் அடிவாங்குவதாக ஒரு பெண் எழுதினால், அதன்கீழே ஏழெழுபது தரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். மன்னிப்பது வேறு, அடிக்கிறவனிடமே திரும்பிப் போவது வேறு. போலீசில் புகார் கொடுப்பது மன்னிப்புக்கு விரோதமும் அல்ல. பத்திரமாக இருக்கிறாளா என்று முதலில் கேளுங்கள், அதுவும் அந்தப் போன் அவள் கையில்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறணி

"அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" போதும். காரணம் கர்த்தருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரியவேண்டாம்.

உதவி செய்யும்போது செல்ஃபி

மத்தேயு 6:3. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியவேண்டாம்.

ஒருவருக்காகவே வைக்கும் சாடை வசனம்

அவர் பார்த்துவிட்டாரா என்று ஸ்டேட்டஸ் பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்து திறந்து பார்க்கிறீர்களா? நானும் பார்த்திருக்கிறேன். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம், இப்போதே எடுத்துவிடுங்கள்.