இரைப்பைக் குறைப்பு அறுவைக்குப் பின் வந்த தோள்வலி

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் என்னை மிகவும் வாட்டியது வயிற்றுத் தையல் அன்று, தோள்வலிதான். துளைவழி அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயுவில் எஞ்சியது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வலி தோளில் தெரிகிறது என்று தாதி விளக்கினார். எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பொது நடைபாதையில் மின்தூக்கிவரை மெல்ல நடந்து, சற்று நின்று, திரும்புவேன். நடக்க நடக்க இறுக்கம் தளர்ந்தது.

தண்ணீர் குடிப்பது அதைவிடக் கடினம். 30 மில்லிலிட்டர் மருந்துக் குவளையில் ஊற்றி, ஒவ்வொரு மிடறுக்குப் பின்னும் நெஞ்சழுத்தம் நீங்கும்வரை பொறுத்தேன். வெறும் நீர் குமட்டியபோது, அம்மா வடிகட்டித் தந்த தெளிந்த கோழி சூப் இறங்கியது.

ஆனால் காய்ச்சல், படபடக்கும் நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி ஆகியவை இரைப்பையில் போட்ட தையல் கசிவதன் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், அவற்றை வாயு என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.