திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பிரிப்பது எப்படி?

ஆஸ்பத்திரி ஓ.பி. (வெளிநோயாளிகள்) நோட்டில் ‘இன்று 70 பேர்’ என்று இருந்தால் அது வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, பார்க்க முடிந்தவர்களின் எண்ணிக்கை. டோக்கன் தீர்ந்து திரும்பியவர், வரிசையைப் பார்த்துவிட்டு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவர், போனில் கேட்டு ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு நின்றவர் யாரும் அதில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிறிய ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் இன்னொரு டாக்டரைத் தேடும் முன் இவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

சீட்டுப் போடும் மேஜையில் ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வந்த நேரம், ஊர், எதற்காக வந்தார் (காய்ச்சலா, சுகர்-பிரஷர் மாத்திரையா, கட்டு மாற்றவா), பார்த்தாயிற்றா, திரும்பினாரா என்று நான்கு வாரம் எழுதுங்கள். ஒரே வாரம் போதாது. அந்த வாரத்தில் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா வந்துவிட்டால் கணக்கே மாறிப்போகும்.

அடுத்தது டாக்டர் நேரம். போர்டில் 9 முதல் 1 மணி என்று இருக்கும். ரவுண்ட்ஸ் முடித்து 9.30-க்கு உட்கார்ந்தால் கையில் இருப்பது 210 நிமிடம்தான். ஒருவர் உள்ளே நுழைந்ததிலிருந்து அடுத்தவர் நுழையும்வரை எவ்வளவு ஆகிறது என்று 50 பேருக்குக் குறித்துப் பாருங்கள். சராசரி 6 நிமிடம் என்றால் ஒரு டாக்டருக்கு 35, இரண்டு டாக்டருக்கு 70 பேர்.

இப்போது கணக்கு. திங்கள் 110 பேர், மற்ற ஐந்து நாளும் 50 பேர் வருவதாக வையுங்கள். வாரத்துக்கு 360 பேர், இடமோ 420. சராசரியைப் பார்த்தால் தாராளம். ஆனால் திங்களன்று 40 பேர் திரும்புகிறார்கள், செவ்வாயன்று 20 இடம் வீணாகிறது. போன இடத்தைச் சேமித்துவைக்க வழியில்லை.

காய்ச்சல்காரரை நாள் மாற்றச் சொல்ல முடியாது, மாதாமாதம் மாத்திரைக்கு வருகிறவரிடம் சொல்லலாம். திங்கள் கூட்டத்தில் அவர்கள் 50 பேர் என்றால் நாளுக்கு 10 பேராகப் பிரித்துவிட்டால் ஆறு நாளும் 60 ஆகும். ‘அடுத்த மாசம் வாங்க ஆச்சி’ என்று மட்டும் சொன்னால் ஆச்சி மறுபடி திங்கட்கிழமைதான் வருவார். திங்கள் வந்தவருக்கு 29-ஆம் நாள் செவ்வாய், 30 புதன், 31 வியாழன், 32 வெள்ளி, 33 சனி. முதல் முறை இப்படிப் பிரித்து, கிழமையும் மணியும் சீட்டில் எழுதி, அந்த நாள்வரை வருகிற அளவு மாத்திரை எண்ணிக் கொடுங்கள். அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை என்றால் கிழமை மாறாது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கும் பெரியவர்களுக்கு வியாழன் கொடுப்பதில் தவறில்லை. கட்டாயப்படுத்திய தேதிக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

இப்படி நான்கு வாரம் விடாமல் சீட்டில் கிழமை எழுதிக் கொடுத்தால் ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை இளைக்கும்.

70 இடத்தையும் நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். ஒரே டாக்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், பார்க்கும் நேரம் சராசரி 6 நிமிடம் என்றாலும் ஆளுக்கு ஆள் கூடிக் குறைகிறது என்ற எளிய வரிசைக் கணக்கில், 80 சதவீதம் நிரம்பினால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். 90-இல் 54. 95-இல் 114! கடைசியாகச் சேர்க்கும் நாலு பேர்தான் எல்லோரையும் காக்கவைக்கிறார்கள்.

டோக்கனில் வெறும் நம்பருக்குப் பதில் நேரம் போடுங்கள். ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைகளை ஆராய்ந்த பெய்லியும் வெல்ச்சும் 1952-இல் சொன்ன முறை இன்றும் உதவும்: தொடக்கத்தில் இருவரை வரவைத்து, பிறகு சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக. பள்ளத்தூரிலிருந்தோ ஆத்தங்குடியிலிருந்தோ வருகிறவருக்கு நேரம் போடும்போது எந்த பஸ் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மருந்து கொடுக்கும் கவுண்டரையும் பாருங்கள். ஒருவருக்கு 3 நிமிடம் என்றால் மணிக்கு 20 பேர். இரண்டு டாக்டர்களும் மணிக்கு அனுப்புவது அதே 20. மூன்றாவது டாக்டர் வந்தால் வரிசை அறைவாசலிலிருந்து கவுண்டருக்கு இடம் மாறும், அவ்வளவுதான். நாளை வரப்போகிற மாத்திரைக்காரர்கள் யாரென்று தெரியுமே, முந்தின மாலையே பொட்டலம் கட்டிவைத்து, டாக்டர் மாற்றினால் மட்டும் பிரியுங்கள்.

சுகர்காரரை வெறும் வயிற்றோடு பதினொரு மணிவரை உட்காரவைப்பது கொடுமை. 7.30-க்கு ரத்தம், 8 மணிக்குச் சாப்பாடு, 10-க்கு இரண்டாவது ரத்தம், 11-க்கு டாக்டர் என்று எழுதிக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் கூடும். நிலையாக இருப்பவர்களுக்கு, டாக்டர் சம்மதித்தால், புரட்டாசியிலேயே இரண்டு மாத மாத்திரை கொடுத்து அந்த இடங்களைக் காய்ச்சலுக்கு விட்டுவையுங்கள்.